கையெழுத்து வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

பூநகரிப் பக்கம் சுகாதார ஆய்வுகளுக்குத் தகவல் சேகரிக்கச் சேருகிற பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து கதைப்பதுண்டு. பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறவர்கள், ஏ.எல்.லோடு நின்றவர்கள் என்று எல்லா வகையும் இருக்கும். குடும்பநல உத்தியோகத்தராக இந்த ஊர்களில் வீடு வீடாகத் திரிந்து ஓய்வுபெற்றவள் என்பதால் கேட்கிறார்கள். படிவம் நிரப்புவதைப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் சொல்வது மிச்சத்தை.

1. உங்களை ஏன் வேலைக்கு எடுத்தார்கள் என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கணினி அறிவுக்காக மட்டும் இல்லை. 'இன்னாற்றை மகள்' என்றால் படலை திறக்கும், அதற்காகவும்தான்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932இல் அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரச் சேவை 600 கறுப்பின ஆண்களை ஓர் ஆய்வில் சேர்த்தது. அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் நோய். மருந்தில்லாமல் விட்டால் அந்த நோய் உடம்பை எப்படித் தின்னும் என்று பார்ப்பதுதான் நோக்கம். அவர்களிடம் சொன்னதோ, 'உங்களுக்குக் கெட்ட இரத்தம், வைத்தியம் செய்கிறோம்' என்று. பெனிசிலின் அந்த நோயைக் குணமாக்கும் என்று தெரிந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972இல் பத்திரிகையில் வெளிவரும் வரை 40 வருடம் நடந்தது. டொக்டர்மார் மாறி மாறி வந்து போனார்கள். மாறாமல் நின்றவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற தாதி. அவரும் கறுப்பினப் பெண். அந்த ஆண்களைக் காரில் ஏற்றி இறக்கினார், வீட்டு நடப்பு விசாரித்தார், செத்தவீட்டுக்கும் போனார். அவரைக் கொடுமைக்காரி என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. சனத்துக்கு நல்லது செய்கிறேன் என்றே அவர் நினைத்திருந்தார். அந்தக் கதையில் எனக்கு நித்திரையைக் கெடுக்கிற இடம் அதுதான். டஸ்கீகிச் சனம் நம்பியது டொக்டர்மாரை விட அவரை.

ஆகவே ஆய்வின் நோக்கத்தை உங்களுக்கு முழுதாகச் சொல்லாதவர்களிடம் வேலைக்குப் போகாதீர்கள். 'அது பேராசிரியருக்குத் தெரியும்' என்பது பதில் இல்லை.

2. எங்கள் சனம் கையெழுத்துப் போடும். அதை நம்பி ஏமாறாதீர்கள்.

ஞானிமடத்திலோ கிராஞ்சியிலோ ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். மாமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரை போட்டு, பிளேன்ரீயும் தந்து, நீங்கள் முதல் பந்தியை வாசித்து முடிக்க முன்னமே அந்த அம்மா கேட்பா: 'எங்கை தம்பி வைக்கிறது?' கையை நீட்டிப் பேனாவையும் வாங்கிவிடுவா. அவவுக்கு அது புதிதில்லை. 2008 கடைசியில் போரால் ஊரை விட்டு வெளிக்கிட்டு, 2009இல் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்ற நாளிலிருந்து பதிவு, நிவாரணம், வீட்டுத்திட்டம், அரச உதவிப்பணமாகச் சமுர்த்தி, இப்போது அஸ்வெசும என்று வந்த கடதாசி எல்லாவற்றிலும் வைத்திருக்கிறா. வைக்காவிட்டால் ஏதோ ஒன்று வெட்டுப்படும் என்பது அவவின் அனுபவம்.

நாசி டொக்டர்மாரை விசாரித்த நியூரம்பேர்க் நீதிமன்றம் 1947இல் எழுதிய பத்து விதிகளில் முதலாவது, ஆய்வுக்கு உட்படுகிறவர் தானாக விரும்பிச் சம்மதிக்க வேண்டும் என்பது. அதை எழுதியவர்களின் கண்முன் நின்றவர்கள் வதைமுகாம் கைதிகள். இங்கே ஒருவரும் வற்புறுத்தாமலே சம்மதம் விழுந்துவிடும். அதனால் பேனாவை உடனே கொடுக்காதீர்கள். 'இதுக்கும் அஸ்வெசுமவுக்கும் தொடர்பில்லை. கிராம சேவகருக்குப் பேர் போகாது. மாட்டன் எண்டாலும் ஆஸ்பத்திரியிலை உங்களுக்கு ஒரு குறையும் வராது' என்று பேச்சுத்தமிழில் சொல்லுங்கள். பிறகு, விளங்கினதை அவவின் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டுத்திட்டம் என்ற சொல் அவவின் வாயில் திரும்ப வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

3. 'நாளைக்கு வாங்கோ' என்றால் மாட்டேன் என்று அர்த்தம். இரண்டாம் முறையும் அதையே சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள். மாமி பதில் சொல்ல மருமகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மருமகளின் சம்மதம் உங்களுக்குக் கிடைக்கவில்லை. எத்தனை வீடு முடித்தாய் என்று மேற்பார்வையாளர் கேட்பார். மறுத்தவர்களின் எண்ணிக்கையும் ஒரு தரவு என்று அவருக்குச் சொல்லுங்கள். மறுப்பே இல்லாத ஆய்வை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

4. பள்ளிக்கூட அதிபரும் கிராம சேவகரும் அனுமதி தரலாம், சம்மதம் தர முடியாது. 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசியை வைத்து ஓர் ஆய்வுத் திட்டம் நடந்தது. விடுதிகளில் தங்கிப் படித்த ஏழைப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். குஜராத்தில் நடந்ததையும் சேர்த்து 7 பிள்ளைகள் இறந்தபோது, 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கும் ஊசிக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை என்றே விசாரணைக் குழு சொன்னது. அதே நோய்க்கான தடுப்பூசி எங்கள் பள்ளிக்கூடங்களில் 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் போடப்படுகிறது, நல்ல ஊசி. ஆனால் தாய் தகப்பனைக் கேட்காமல் போட்டால், ஊசி நல்லது என்று யார் சொல்லியும் எந்தத் தாயின் காதிலும் ஏறாது.

5. 'ஊசியா மருந்தா, வெறும் கதைதானே' என்று ஒருவரும் உங்களிடம் சொல்ல விடாதீர்கள். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகும், 2004 சுனாமிக்குப் பிறகும், போர் முடிந்த பிறகும் எங்கள் மனக்காயத்தை அளக்க வந்தவர்கள் பலர். வட இலங்கைப் பாடசாலைகளில் 399 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வொன்று 2012இல் வெளியானது. பாதிப் பேருக்குக் கதை, விளையாட்டு, மனப்பயிற்சி என்று 5 வாரத்தில் 15 அமர்வுகள். மற்றப் பாதி காத்திருந்தது. சில பிள்ளைகளுக்கு, விசேடமாகச் சின்ன வயதினருக்கு, நன்மை கிடைத்தது. ஆனால் அமர்வுகளில் இருந்த பெண் பிள்ளைகளின் மன அதிர்ச்சி, காத்திருந்த பெண் பிள்ளைகளுக்குக் குறைந்த அளவுக்குக்கூடக் குறையவில்லை. பாதகமான முடிவையும் மறைக்காமல் எழுதியதற்காக அந்த ஆய்வாளர்களை மதிக்கிறேன். காணாமல் போன மகனைப் பற்றிக் கேட்க உங்களுக்குப் பத்து நிமிடம் போதும். நீங்கள் போன பிறகு அந்தத் தாய்க்கு இரவு முழுக்க இருக்கிறது. யாரிடம் அனுப்புவது, எந்தக் கிழமை மனநலக் கிளினிக் என்று கையில் விபரம் இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

6. இவ்வளவும் சொல்வதால் ஆய்வே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வயலில் புடையன் கடித்து லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு வந்த ஆட்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாங்கள் போடும் விசமுறிவு மருந்து இந்தியப் பாம்புகளின் நஞ்சை வைத்து இந்தியாவில் செய்வது. அதுவே பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். அதைத் தடுக்க ஐதரோகோர்ட்டிசோனும் புரோமெதசினும் பழக்கத்தில் போட்டு வந்தோம், பலன் உண்டா என்று அறியாமலே. 2005 முதல் 2008 வரை இலங்கை ஆஸ்பத்திரிகளில் 1007 பேரை வைத்துப் பார்த்தார்கள். முதலில் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தவர்களுக்கு முதல் மணித்தியாலத்தில் கடுமையான ஒவ்வாமை 43 வீதம் குறைந்தது. மற்ற இரண்டாலும் பயனில்லை. அதில் சிலருக்கு முன்னூசியாக வெறும் தண்ணி மருந்துதான் போனது. ஆனால் விசமுறிவு மருந்தை யாருக்கும் நிறுத்தி வைக்கவில்லை. டஸ்கீகிக்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான்.

7. ஆய்வு முடிந்த பிறகு என்ன என்று கேளுங்கள். அலரி நஞ்சு எங்கள் வடக்கை எவ்வளவு தின்றது என்று உங்கள் தாய்மாரைக் கேட்டால் சொல்வார்கள். அதற்கான முறிவு மருந்து ஒன்றைக் கொழும்பில் 66 நோயாளிகளிடம் பரீட்சித்து, வேலை செய்கிறது என்று 2000இல் மைக்கேல் எடில்ஸ்டன் குழுவினர் லான்செட் இதழில் எழுதினார்கள். மருந்தோ பயங்கர விலை. 2001இல் கையிருப்பு தீர்ந்தது, இறப்பு மறுபடி ஏறியது. அதையும் அவர்களே 2003இல் அதே இதழில் எழுதினார்கள். எங்கள் நோயாளிகளின் உடம்பில் நிரூபித்த மருந்து எங்கள் நோயாளிகளுக்கு எட்டவில்லை. இதில் ஆய்வாளரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் இந்தக் கேள்வியை ஆய்வு தொடங்க முன்னமே கேட்டிருக்க வேண்டும்.

8. இரத்தம் எடுத்தால் பெறுபேறு அந்த வீட்டுக்குத் திரும்ப வரவேண்டும், சீனி வருத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ தெரிந்தால் உடனே வரவேண்டும். மிச்ச இரத்தம் எங்கே போகிறது, எவ்வளவு காலம் வைப்பார்கள் என்பதையும் சொல்லித்தான் எடுக்கலாம்.

9. நண்டு வலை தெரிகிற வேலையை விட்டு வந்து உங்களோடு இருக்கிற பெண்ணுக்கு அந்த நேரத்துக்கான கூலியைக் கொடுப்பது நியாயம். அதற்கு மேல் போனால் யோசியுங்கள். டஸ்கீகியிலும் சூடான சாப்பாடும் அடக்கச் செலவும் கொடுத்தார்கள்.

10. சம்மதப் படிவத்தின் கடைசியில், முறைப்பாடு இருந்தால் அழைக்க என்று அறநெறி மீளாய்வுக் குழுவின் தொலைபேசி இலக்கம் இருக்கும். வேலைக்கு இறங்க முன் நீங்களே அதற்கு ஒருமுறை அடித்துப் பாருங்கள். யாராவது எடுக்கிறார்களா, எடுக்கிறவர் தமிழில் பேசுவாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வேறு இலக்கம் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். அது வரும் வரை முழங்காவில் பஸ்ஸில் ஏறத் தேவையில்லை.