டெரிட்டோரியல் ஆர்மி: முதல்ல வேலை, அப்புறம்தான் யூனிஃபார்ம்

"பிளேஸ்மென்ட் கிடைக்கலைன்னா டெரிட்டோரியல் ஆர்மி இருக்குல்ல"ன்னு ஹாஸ்டல்ல யாராவது சொன்னா நம்பிடாதீங்க. அங்கே ஆஃபீஸர் ஆகணும்னா டிகிரி வேணும், வயசு 18-லிருந்து 42-க்குள்ள இருக்கணும். அதோட, ஏற்கெனவே உங்களுக்கு ஒரு வருமானம் இருக்கணும். வேலையில் இருப்பவரை வருஷத்தில் கொஞ்ச நாள் மட்டும் ராணுவத்துக்குக் கூப்பிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. 1948-ல் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி தொடங்கி வைத்தார். கோயம்புத்தூரில் இருப்பது 110-வது பட்டாலியன். (2018 டெல்லி உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பெண்களும் ஆஃபீஸர் ஆகலாம்.)

இதில் நாம் கவனிக்க வேண்டியது டைம்டேபிள். ஆளுக்குப் பிழைப்பும் கெடக்கூடாது, பயிற்சியும் குறையக்கூடாது. அதனால் யூனிட்டை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். நகர யூனிட்டில் சனி, ஞாயிறு, லீவு நாட்களில் பயிற்சி. 4 மணி நேரம் சேர்ந்தால் ஒரு நாள் கணக்கு, வருஷத்துக்கு 30 நாள். நம்ம கிரெடிட் ஹவர் மாதிரியேதான்! கிராமப்புறத்து ஆட்களுக்கான யூனிட்டில் அப்படி இல்லை. வாராவாரம் ஊரிலிருந்து வந்துபோக முடியாது என்பதால், இரண்டு மாதம் ஒரே மூச்சில் கேம்ப். அந்த நாட்களுக்கு ராணுவச் சம்பளம் உண்டு.

சரி, இரண்டு மாதம் கம்பெனி சும்மா விடுமா? அதற்கும் சட்டத்தில் 7-ஏ பிரிவு இருக்கிறது. ராணுவப் பணி முடிந்து வருபவரை, பழைய நிலைக்குக் குறையாமல் வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்வது முதலாளியின் கடமை. கூப்பாடு வரும் முன்னாடியே ஆளைத் தூக்கிவிட்டுத் தப்பிக்கப் பார்த்தாலும் அது பொருந்தும். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் ஹெச்.ஆரிடம் இதைப் பேசிவிடுவது நல்லது. ரயில்வே, ஓ.என்.ஜி.சி. போன்ற இடங்களில் அந்தத் துறை ஊழியர்களுக்கென்றே தனி யூனிட் உருவானதால் அங்கே இந்தப் பேச்சுக்கு அவ்வளவு வேலை இல்லை.

ஆனா, நம்ம பள்ளத்தாக்கில் எத்தனை பேருக்கு முதலாளி இருக்கார்? சொந்தத் தொழிலும் வருமானம்தான், அதனால் கம்பத்தில் பன்னீர் திராட்சை போடுபவரும் தகுதியானவர்தான். கேம்ப் தேதியோ திராட்சைக் கவாத்தைப் பார்த்து வராது. ஜூனில் பெரியாறு தண்ணீர் திறந்து நாற்றுப் பாவும் நேரத்தில் அழைப்பு வந்தால், வயலைப் பார்க்க அப்பாவோ தம்பியோ இருக்கணும். சம்பளக்காரருக்கு 7-ஏ பிரிவு இருக்கு. தோட்டக்காரருக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது. அவர் யூனிட்டில் தேதியைக் கேட்டு, வீட்டில் ஆளையும் பேசி வைத்துவிட்டுத்தான் கிளம்பணும்.