நிழற்படத்தைத் திருப்பும் முறை

கேமராவை நெடுக்காகப் பிடித்து எடுத்த படம் கம்ப்யூட்டரில் பக்கவாட்டாய்ச் சாய்ந்து தோன்றுவதை நாம் கண்டிருக்கின்றோம். அதனை நிமிர்த்துவது எளிய காரியமே. ஆயினும் நிமிர்த்துங்கால் படத்திற்கு ஊறு நேருமா என்பது ஆராயத்தக்கது.

கேமரா எப்பொழுதும் ஒரே வரிசையிலேயே படத்தைப் பதிவு செய்கின்றது. அதனை நாம் எவ்வாறு பிடித்தோம் என்பதை ஓர் எண்ணாகக் கோப்பின் முகப்பிற் குறித்து வைக்கின்றது. 1995-இல் ஜப்பானில் வெளியான எக்ஸிஃப் முறையில் இவ்வெண் 1 முதல் 8 வரை அமையும். 1 எனின் உள்ளபடியே காட்டுக. 3 எனின் தலைகீழாகத் திருப்புக. 6 எனின் வலப்புறமாகவும் 8 எனின் இடப்புறமாகவும் கால்வட்டம் திருப்புக என்பது பொருள். ஏனைய நான்கும் கண்ணாடியிற் காண்பதுபோல் இடவலம் மாறிய படங்களுக்குரியன.

திருப்புதற்கு இரு வழிகள் உள. ஒன்று, அவ்வெண்ணை மட்டும் மாற்றுதல். மற்றொன்று, படத்தின் புள்ளிகளையே இடம் மாற்றி எழுதுதல். முதல் வழியிற் படம் சிறிதும் கெடாது; ஆனால் எண்ணைப் படித்தறியாத மென்பொருளிற் சாய்ந்தே நிற்கும். இரண்டாம் வழியில் எங்கும் நிமிர்ந்து நிற்கும்; ஆனால் ஜேபெக் படத்தை விரித்துத் திருப்பி மீண்டும் சுருக்குந்தோறும் அதன் நுண்மை குறையக்கூடும்.

இதற்கும் ஓர் உபாயம் உண்டு. ஜேபெக் படம் 8 புள்ளி நீளமும் 8 புள்ளி அகலமுமுள்ள கட்டங்களாகப் பகுத்துச் சுருக்கப்படுவது. அக்கட்டங்களிலுள்ள எண்களையே இடம் மாற்றினால் இழப்பு இராது. ஜேபெக்டிரான் என்னும் மென்பொருள் இவ்வாறு செய்கின்றது. ஆயினும், நிற விவரங்களைக் குறைத்துப் பதிந்த படங்களிற் பெரும்பாலும் 16 புள்ளிக் கட்டமே அலகாகும். 4000 அகலமும் 3000 உயரமுமுள்ள படத்தில் 3000-ஐ 16-ஆல் வகுத்தால் 8 வரிகள் மிஞ்சும். அவற்றை வெட்டினாலன்றி வலப்புறத் திருப்பம் செவ்வையாக முடியாது.

ஆதலின் படங்காட்டும் மென்பொருளின் கடமைகள் நான்கு எனலாம். முதலாவது, எண்ணைப் படித்து அதன்படி காட்டுதல். இரண்டாவது, பார்வைக்காக நாம் திருப்பியதை நம்மைக் கேளாமற் கோப்பில் எழுதாதிருத்தல். மூன்றாவது, சேமிக்கும்படி நாம் கேட்பின் எண்ணை மட்டும் மாற்றுதல். நான்காவது, புள்ளிகளைத் திருப்ப நேரின் இழப்பில்லா முறையைக் கையாண்டு, ஓரம் வெட்டுப்படுமாயின் முன்னரே அறிவித்து, எண்ணையும் 1 ஆக்கிவிடுதல். பழைய எண் நின்றுவிட்டால், நிமிர்ந்த படத்தை மற்றொரு மென்பொருள் மீண்டும் திருப்பிச் சாய்த்துவிடும்.

மறைந்தோர் ஒருவரின் முகம் ஒரே படத்தில் எஞ்சியிருப்பின், அதனை மீண்டும் எடுத்தல் எவர்க்கும் இயலாது. ஆகவே, மூலப் படத்திற்குப் பிரதியொன்று எடுத்து வைத்த பின்னரே அதனைத் திருப்ப முற்படுதல் நமக்கும் நலம்.