காய்ச்சல் விட்டதும் ஷூவைத் தேடாதீர்கள்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் விடியற்காலையில் ஓடுபவர்களில் போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் நிறையப் பேர். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தால்தான் அடுத்த கட்டம். மழைக்காலத்தில் வைரஸ் காய்ச்சல் வந்து படுத்தாலும் அவர்கள் மனசெல்லாம் தேர்வுத் தேதியிலேயே இருக்கும். காய்ச்சல் விட்ட மறுநாளே கிரவுண்டுக்குப் போய்விடுகிறார்கள்.

பாட்மின்டன் வீரர் எச்.எஸ்.பிரணாயின் அனுபவத்தை அவர்கள் அறிந்துகொள்வது நல்லது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அவருக்கு சிக்குன்குனியா வந்தது. அதோடு போராடியபடியே ஒலிம்பிக்கில் ஆடி, காலிறுதிக்கு முந்தைய சுற்றில் லக்‌ஷயா சென்னிடம் தோற்றார். அதன் பிறகும் உடல்வலி விடவில்லை. போட்டிகளிலிருந்து விலகியிருந்து, 2025 ஜனவரியில் மலேசிய ஓபனில்தான் மீண்டும் களமிறங்கினார்.

உடல்வலியாவது உடனே தெரிந்துவிடும். வைரஸ் தாக்கி இதயத் தசை வீங்கினால் சிலருக்கு வெளியே எதுவும் தெரியாது. கால்பந்து வீரர் அல்போன்சோ டேவிஸுக்குக் கோவிட் வந்துபோன பின், 2022 ஜனவரியில் நடந்த பரிசோதனையில்தான் லேசான வீக்கம் இருப்பது தெரிந்தது. ஏப்ரல் வரை அவர் ஆடவில்லை.

அப்படியானால் எப்போது ஓடலாம்?

லேசான கோவிட் வந்தவர்களுக்காக 2020-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளியான படிநிலைகளை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நோய் தொடங்கியதிலிருந்து குறைந்தது 10 நாள் ஓய்வு. அதில் கடைசி 7 நாளும் தொந்தரவு எதுவும் இருக்கக் கூடாது. பிறகு 2 நாள், 15 நிமிடத்துக்குள் நடை அல்லது மெல்லோட்டம். இதயத்துடிப்பு உச்ச அளவில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 22 வயதுக்காரருக்கு அது ஏறக்குறைய 138. அடுத்து 30, 45, 60 நிமிடம் என்று படிப்படியாகக் கூட்ட வேண்டும். முழு வேகம் கடைசியில்தான். டெங்கு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது.

காலையில் விழித்ததும், எழுந்திருக்கும் முன்பே, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிட 10 துடிப்பு கூடுதல் என்றால் அன்றைக்கு ஓய்வு. அரியலூர்க்காரர்கள் இருமல் முழுதாக நிற்கும்வரை சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பும் சாலைகளைத் தவிர்ப்பது நல்லது.

ஓடும்போது நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், வழக்கமில்லாத மூச்சிரைப்பு, எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பெரம்பலூர் மாவட்டத் தலைமை மருத்துவமனையோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, அருகில் இருப்பதற்கு உடனே போங்கள். ஈ.சி.ஜி. பார்த்து டாக்டர் சரியென்று சொல்லும்வரை ஓட வேண்டாம்.