கத்தரிக்காயிலிருந்து தொடங்குங்கள்

வேலூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், ஒரே மதிலுக்குள் ஜலகண்டேசுவரர் ஆலயமும் மசூதியும் 1846-இல் எழுந்த கிறிஸ்தவ தேவாலயமும் நிற்கும் கோட்டையைக் கண்டு வியந்துவிட்டு, அத்துடன் யாத்திரை பூர்த்தியாயிற்று என்று பஸ் ஏறிவிடுகிறார்கள். அந்த வியப்பின் உயிருள்ள பாகம், கோட்டைக்கு அருகே நீளும் லாங் பஜாரில் தினந்தோறும் நிறுத்து விற்கப்படுகிறது என்பது என் அனுபவம்.

அங்கே தனியாகப் போவதில் பிரயோஜனம் குறைவு. அந்தக் கடைகளிலேயே சாமான் வாங்கிப் பழகிய ஒருவரை உடன் அழைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வழிகாட்டியவர் தோல் மண்டியில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற நண்பர். அரிசிக்காரரிடம் தமிழிலும், மசாலாக்காரரிடம் உர்துவிலும், காய்கறிக்காரம்மாளிடம் தெலுங்கிலும் பேரம் பேசியபடி நடந்தார். உணவு விடுதிக்குமுன் சந்தை என்பது அவர் விதித்த நியமம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குவியலின்முன் நின்று, "காம்பைத் தொட்டுப் பாருங்க சார், முள்ளு குத்தணும், குத்தலைன்னா பழசு" என்றார். குத்தியது. பிரியாணிக்குத் துணையாகும் புளிப்புக் கத்தரிக்காய்க் கொத்சுவின் ருசி அந்த முள்ளிலேயே ஆரம்பமாகிறது என்று பின்னர் தெரிந்துகொண்டேன்.

1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையின் சுற்றுப்புறத் தெருக்களில், சிகிச்சைக்கு வரும் வங்காளிகளுக்கான வங்காள எழுத்துப் பலகைகளும் கடுகெண்ணெய் மணமும் எதிர்ப்படும். அங்குள்ள மீன் சாப்பாட்டை அவசியம் உண்ணலாம். ஆனால் பக்கத்து இலைக்காரர் நோயாளியின் துணையாக வந்தவராயிருக்கக்கூடும் என்பதை மறவாமல், படம் பிடிக்காமல், சீக்கிரம் இடத்தைக் காலிசெய்வதே மரியாதை.

மத்தியானத்திற்கு, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆம்பூர். ஊறவைத்து அரைத்த மிளகாய் விழுதில் வெந்த கறியும், தனியே அரைவேக்காடாக வடித்த சீரகச் சம்பாவும், மூடியின்மேல் தணலிட்ட தம்மில் ஒன்றாகிப் பிரியாணியாகின்றன. ஆற்காட்டு நவாபின் சமையலறையிலிருந்து வந்த பாகம் என்பார்கள். ஆதாரம் கேட்டால் அண்டாவைத்தான் காட்டுவார்கள். நவாப் அன்வருதீன் கான் 1749-இல் போரில் மாண்டது ஆம்பூரில் என்பது மட்டும் சந்தேகமற்ற சரித்திரம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2022 மே மாதம் அங்கே நடக்கவிருந்த பிரியாணித் திருவிழா, மாட்டிறைச்சிப் பிரியாணியை விலக்கியதற்கு எதிர்ப்பு எழுந்த வேளையில், மழையைக் காரணங்காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. தோல் தொழிலால் செழித்த பிரதேசத்தின் உணவை அறியவந்து, மாட்டிறைச்சி அடுப்பை மட்டும் பாராமல் திரும்புவது அரைகுறைப் படிப்பே. உண்ணாதவர் உண்ணவேண்டாம், வழிகாட்டியிடம் கேட்டு அந்தக் கடைகளையும் பார்த்து வாருங்கள்.

ரமலான் மாதத்தில் போகிறவர்கள் பகலைத் தவிர்த்து, நோன்பு திறக்கும் மாலைப் பொழுதில் போவது உசிதம்.