அமுக்கக் கணக்கு: ராத்தலும் கிலோவும்

பம்பு வைத்துக் குழாய் வழியே நீர் பாய்ச்சும் குடியானவர்கள் இரண்டுவித அளவுகளால் மயங்குவதுண்டு. பம்பிலுள்ள அமுக்கமானி, சதுர அங்குலத்திற்கு இத்தனை ராத்தல் என்று காட்டும், இதுவே பி.எஸ்.ஐ. எனப்படுவது. பி.வி.சி. குழாயின் மேலோ, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்ற கணக்கில் தரம் குறிக்கப்படுகிறது. இந்தியாவில் 1956ஆம் வருஷத்துச் சட்டத்தால் மெட்ரிக் அளவுகள் ஏற்பட்ட பின்னும், பழைய அளவு கருவிகளில் நிலைத்துவிட்டது. இவ்விரண்டின் சம்பந்தத்தை அறியாமல் குழாய் வாங்கினால், அது வெடித்துப் பணமும் பயிரும் நஷ்டமாகும்.

ஒரு ராத்தல் 0.4536 கிலோகிராம், ஒரு சதுர அங்குலம் 6.4516 சதுர சென்டிமீட்டர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.0703 கிடைக்கும். ஆகவே ராத்தல் கணக்கைக் கிலோவாக்க, 7ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் போதும். கிலோவை ராத்தலாக்க 14.2ஆல் பெருக்குக.

குழாய்த் தரங்களின் வாய்பாடு:

2.5 கிலோ – 36 ராத்தல்
4 கிலோ – 57 ராத்தல்
6 கிலோ – 85 ராத்தல்
8 கிலோ – 114 ராத்தல்
10 கிலோ – 142 ராத்தல்

சில குழாய்களில் மெகாபாஸ்கல் என்ற அளவு காணப்படும். 0.4 மெகாபாஸ்கல் ஏறக்குறைய 4 கிலோவாகும். பார் என்பது 14.5 ராத்தல்; அதாவது ஒரு கிலோவைவிடச் சற்றே அதிகம்.

ஓர் உதாரணம்: அமுக்கமானி 80 ராத்தல் காட்டுகிறது. 80ஐ 7ஆல் பெருக்கி 100ஆல் வகுக்க 5.6 கிலோ. 4 கிலோ குழாய் இதைத் தாங்காது. 6 கிலோ குழாய் போதுமென்று தோன்றும். ஆனால் வயல் பம்பைவிட 23 அடி தாழ்ந்திருந்தால் என்ன ஆகும்? 2.31 அடி நீருயரம் ஒரு ராத்தல் அமுக்கம் தருமாதலால், வால்வை மூடி நீர் நிற்கையில் பள்ளத்திலுள்ள குழாயில் மேலும் 10 ராத்தல் கூடும். மொத்தம் 90 ராத்தல், அதாவது 6.3 கிலோ. வால்வைத் திடீரென மூடினால் எழும் நீரடியும் இதற்கு மேலாகும். ஆகையால் இவ்விடத்திற்கு 8 கிலோ குழாயே தக்கது.

குறைந்த அமுக்கமும் தீமையே. ஒரு கிலோ அமுக்கம் வேண்டிய சொட்டு நீர்ச் சாதனத்திற்கு, 15 அடி உயரத் தொட்டி 6.5 ராத்தலே, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவாகவே தரும். தொட்டி மட்டுமே வேலை செய்வதாயின் 33 அடி உயரம் வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் குழாய்களைப் பார்வையிடுங்கால், குழாயின் மேலுள்ள எழுத்தை விலைச்சீட்டுடன் ஒப்பிட்டு நோக்குதல் நலம். எண்ணை மட்டும் பாராமல், அதனுடன் நிற்கும் அளவின் பெயரையும் படிப்பதே இதில் முக்கியமாகும்.