விதையும் நிலமும்

நுழையும்முன்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது ஒரு பழமொழி. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது மற்றொரு பழமொழி. முன்னது பிறவித் திறனைப் போற்றுகிறது. பின்னது வளர்ப்பின் இன்றியமையாமையை உணர்த்துகிறது. சாதனையாளர் பிறக்கின்றனரா, உருவாக்கப்படுகின்றனரா? அறிவியல் உலகம் ஒன்றரை நூற்றாண்டாக ஆராய்ந்துவரும் இவ்வினாவை, ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

வினாவின் வரலாறு

இங்கிலாந்து நாட்டு அறிஞர் பிரான்சிஸ் கால்டன், சார்லஸ் டார்வினின் உறவினர். மேதைமை மரபுவழி வருவது என்னும் கருத்தை நிறுவும் நோக்கில் 1869ஆம் ஆண்டு அவர் ஒரு நூலை வெளியிட்டார். புகழ்பெற்ற நீதிபதிகள், அறிவியலாளர்கள், கவிஞர்கள் ஆகியோரின் குடும்பங்களை அவர் ஆராய்ந்தார். அவர்களுடைய நெருங்கிய உறவினர் பலரும் புகழ்பெற்றிருந்ததைக் கண்டு, திறமை குருதியில் ஓடுகிறது என்று முடிவு செய்தார். ஆனால், அக்குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்குக் குருதியை மட்டும் வழங்கவில்லை. செல்வத்தையும் உயர்கல்வியையும் சமூகச் செல்வாக்கையும் சேர்த்தே வழங்கின. இவற்றின் பங்கை அவர் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை.

இதற்கு நேர்மாறான நிலைப்பாட்டை 1920களில் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் முன்வைத்தார். உடல்நலமுள்ள எந்தக் குழந்தையையும் தக்க பயிற்சியால் எத்துறை வல்லுநராகவும் ஆக்க இயலும் என்றார் அவர். ஒருவர் எல்லாம் விதையில் என்றார். மற்றவர் எல்லாம் நிலத்தில் என்றார்.

ஒரு வீடே ஆய்வுக்கூடம்

அங்கேரி நாட்டைச் சேர்ந்த கல்வி உளவியலாளர் லாஸ்லோ போல்கார், இவ்விரண்டில் வளர்ப்பின் பக்கம் நின்றவர். மேதைகள் பிறப்பதில்லை, உருவாக்கப்படுகிறார்கள் என்பது அவர்தம் உறுதியான கொள்கை. அதனை மெய்ப்பிக்கத் தம் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்தார் என்பதுதான் வியப்பு. மணமாகும் முன்பே, தம் திட்டத்தை மடல்கள் வாயிலாகக் கிளாராவுக்குத் தெரிவித்தார். ஆசிரியரான கிளாரா அதற்கு இசைந்தார். அவர்களுக்கு 1969இல் சூசன், 1974இல் சோபியா, 1976இல் ஜூடித் என மூன்று பெண் குழந்தைகள் பிறந்தனர்.

சூசன் நான்கு வயதுச் சிறுமியாக இருந்தபோது, வீட்டு அலமாரியில் கிடந்த சதுரங்கக் காய்களைக் கண்டாள். அவற்றின்மீது ஆவல் கொண்டாள். லாஸ்லோ சதுரங்கத்தில் பெரிய வல்லுநர் அல்லர். ஆயினும், வெற்றி தோல்வியைத் தெளிவாக அளக்க முடிந்த அத்துறையே தம் சோதனைக்கு ஏற்றது எனக் கருதினார். சில மாதங்களிலேயே புடாபெஸ்ட் நகரில் 11 வயதுக்குட்பட்ட சிறுமியருக்கான போட்டியில், ஆடிய அனைத்து ஆட்டங்களிலும் சூசன் வென்றாள்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்க அப்பெற்றோர் அரசு அலுவலர்களுடன் போராடி இசைவு பெற்றனர். அவ்வீட்டில் சதுரங்க நூல்கள் அடுக்கடுக்காக நிறைந்திருந்தன. சதுரங்கத்தோடு பிறமொழிகளும் கற்பிக்கப்பட்டன. ஆர்வத்தைத் தூண்டாமல் வற்புறுத்திக் கற்பிப்பது பயன் தராது என்பதும் லாஸ்லோவின் கொள்கையே.

இயற்கை என்னும் பெயரில் எழுந்த சுவர்

சதுரங்கத்தின் உயர்நிலைக்குப் பெண்கள் இயற்கையிலேயே தகுதியற்றவர்கள் என்னும் எண்ணம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. சூசன் தம் 15ஆம் வயதில், 1984இல், பெண்களின் உலகத் தரவரிசையில் முதலிடம் பெற்றார். 1986இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு, சூசன் நீங்கலாகப் பெண் ஆட்டக்காரர்களுக்கு 100 தரப்புள்ளிகளைக் கூடுதலாக வழங்கியது. ஆடவருடன் ஆடித் தம் புள்ளிகளைப் பெற்ற சூசன், அதனால் முதலிடத்தை இழந்தார்.

ஆயினும், சகோதரியர் தளரவில்லை. 1988இல் கிரேக்க நாட்டின் தெசலோனிகி நகரில் நடந்த ஒலிம்பியாடில், மூவரும் இடம்பெற்ற அங்கேரி மகளிர் அணி சோவியத் அணியைப் பின்தள்ளித் தங்கம் வென்றது. 1991இல் சூசன் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதே ஆண்டின் இறுதியில், ஜூடித் தம் 15ஆம் வயதில் அப்பட்டத்தைப் பெற்று, பாபி பிஷர் 1958இல் படைத்த சாதனையை முறியடித்தார். உலகின் முதல் பத்து ஆட்டக்காரர்களுள் ஒருவராக உயர்ந்த ஜூடித், 2002இல் விரைவு ஆட்டம் ஒன்றில் காரி காஸ்பரோவையும் வென்றார். பெண்களுக்கு இயலாது என்னும் கூற்று இயற்கையின் தீர்ப்பு அன்று. வாய்ப்பு மறுக்கப்பட்டதன் விளைவே என்பது அந்தப் பலகையிலேயே தெளிவாயிற்று.

சோதனை மெய்ப்பித்தது என்ன?

அவ்வாறாயின், லாஸ்லோவின் கொள்கை முற்றிலும் மெய்ப்பிக்கப்பட்டதா? இல்லை என்பதே அறிவியல் தரும் விடை. வளர்ப்பைத் தந்த அப்பெற்றோரே மரபணுக்களையும் தந்தனர். ஆகவே, இரண்டின் பங்கையும் இச்சோதனையால் பிரித்தறிய இயலாது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே பயிற்சி பெற்ற பிற குடும்பத்துக் குழந்தைகளும் இல்லை. மேலும், ஒரே வீட்டில் வளர்ந்தும் மூவரும் ஒரே உயரத்தை எட்டவில்லை. 1989இல் உரோம் நகரப் போட்டியில் ஒன்பது ஆட்டங்களில் எட்டரைப் புள்ளிகள் பெற்று உலகை வியக்கவைத்த சோபியா, பின்னர் சதுரங்கப் போட்டிகளிலிருந்து விலகி ஓவியக்கலையை நாடினார். பிள்ளையின் சொந்த விருப்பம் என்னும் மூன்றாவது ஆற்றலையும் இது நினைவூட்டுகிறது.

தெரிந்து தெளிவோம்

ஒரு கரு இரட்டையர் ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்டவர்கள். இரு கரு இரட்டையர், பிற உடன்பிறந்தாரைப் போலவே, சராசரியாகப் பாதியளவு ஒத்தவர்கள். இவ்விரு வகையினரையும் ஒப்பிட்டு மரபு, சூழல் ஆகியவற்றின் பங்கை ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர்.

பிரிக்க இயலாத இணை

பினைல்கீட்டோனூரியா என்பது மரபுவழி வரும் ஒரு குறைபாடு. இக்குறைபாடுடைய குழந்தையின் உடலால், உணவிலுள்ள பினைல்அலனின் என்னும் பொருளை முறையாகச் சிதைக்க இயலாது. அது தேங்கி மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆனால், பிறந்தவுடன் குருதிச் சோதனையால் இதனைக் கண்டறிந்து, அப்பொருள் குறைந்த உணவை அளித்துவந்தால் அக்கேட்டைத் தடுக்கலாம். மரபணு மாறவில்லை, உணவு மாறியது, வாழ்வும் மாறியது. மரபில் உள்ளது எல்லாம் மாற்ற இயலாத விதி என்று எண்ணுவது பிழை என்பதற்கு இதுவே சான்று.

அவ்வாறே, ஒருவரின் உயரத்தில் மரபணுவின் பங்கு மிகுதி. எனினும், 20ஆம் நூற்றாண்டில் தென்கொரிய மக்களின் சராசரி உயரம் பெரிதும் கூடியது. அதற்குள் அவர்தம் மரபணுக்கள் மாறிவிடவில்லை. ஊட்டமும் நலவாழ்வும் மேம்பட்டன. விளைச்சலில் விதைக்கு எவ்வளவு, நிலத்துக்கு எவ்வளவு என்று கூறுபோட முடியாதது போலவே, ஒரு மனிதரின் திறமையையும் கூறுபோட இயலாது.

முளையைக் கொண்டு முடிவு செய்யலாமா?

அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன், 1921இல் நுண்ணறிவுத் தேர்வின் வாயிலாக 1,500க்கும் மேற்பட்ட சிறார்களைத் தேர்ந்தெடுத்து அவர்களின் வளர்ச்சியைப் பின்தொடர்ந்தார். அவருடைய ஆய்வில் சேர்க்கப்படாமல் விடுபட்டவர்களுள் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் ஆகிய இருவரும் அடங்குவர். முன்னவர் 1956இலும் பின்னவர் 1968இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்ட சிறார்களுள் ஒருவரும் அப்பரிசைப் பெறவில்லை. எனவே, ஒரு தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு ஒரு குழந்தையின் எதிர்காலத்தை அளந்துவிட முடியாது.

எல்லாப் பிள்ளைகளையும் ஒரே துறையில் மேதைகளாக்கிவிடலாம் என்னும் நம்பிக்கை, பிள்ளைகள்மீது பெருஞ்சுமையை ஏற்றும். பிறவியிலேயே அறிவற்றவன் என்னும் பட்டம், முளைவிடும் முன்பே விதையைக் கருக்கும். எந்த விதையை ஏந்திப் பிறப்பது என்பது எவர் கையிலும் இல்லை. நிலத்தைப் பண்படுத்துவதும் நீர் பாய்ச்சுவதும் பெற்றோர், ஆசிரியர், சமூகம் ஆகியோரின் கையில் உள்ளன. நிலம் மறுக்கப்பட்ட விதையைப் பதர் என்று தள்ளுவது அறமன்று.

கற்பவை கற்றபின்

1. 'பெண்களால் இயலாது' என்று கருதப்பட்டு, பின்னர் அவர்கள் சாதித்துக் காட்டிய துறைகளைப் பட்டியலிட்டு வகுப்பறையில் உரையாடுக.
2. பிள்ளையின் துறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கா, பிள்ளைக்கா என்னும் பொருளில் சொற்போர் நிகழ்த்துக.