கண்ணோட்டமும் ஒரு முதலீடே

தாராவியின் தோல் பட்டறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். தோலின் குறைநிறைகளைக் கைதொட்டே அறிந்து, துண்டு வீணாகாமல் வெட்டத் தெரிந்த தொழிலாளி ஒருவர் தீபாவளிக்கு ஊருக்குச் சென்றார், திரும்பவில்லை. அவரது இடத்தில் புதியவர் அமர்த்தப்படுகிறார். முதற்சில வாரங்களில் வீணாகும் தோலையும், தவறும் தவணை நாளையும், அதனால் கைவிட்டுப்போகும் வாடிக்கையாளரையும் உரிமையாளர் கணக்கேட்டில் எழுதுவதில்லை. ஆயினும் அவை செலவுகளே. மாட்டுங்கா உணவகத்தில் தோசை மாஸ்டர் விலகினாலும், செம்பூர் மருந்துக் கடையில் பழகிய விற்பனையாளர் விலகினாலும் நேர்வது இதுவே.

“கூலி போதவில்லை, போய்விட்டார்” என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். ஊதியம் முதன்மையானதுதான், இன்சொல் அதற்கு ஈடாகாது. ஆனால் ஊதியம் ஒத்திருக்கும் இரண்டு இடங்களுள் ஒன்றில் மனிதர் நிலைப்பதும் மற்றொன்றில் நிலையாமையும் ஏன்?

நாகபுரி தரும் பாடம்

மும்பைத் தொழிலதிபர் ஜம்ஷெட்ஜி டாட்டா, 1877 ஜனவரி 1 அன்று நாகபுரியில் எம்பிரஸ் ஆலையைத் தொடங்கினார். அங்கே பணிக்கு வராதோர் தொகை மிகுந்திருந்தது. அபராதம் விதிப்பது அக்கால ஆலைகளின் வழக்கம். அவரோ தொழிலாளியின் நிலையிலிருந்து ஆலையைப் பார்த்தார். வெப்பத்தையும் தூசியையும் தணிக்கக் காற்றோட்ட வசதிகள் செய்தார். விளையாட்டு நாள்களும் பரிசுகளும் ஏற்படுத்தினார். 1886இல் ஓய்வூதிய நிதியைத் தொடங்கினார். தொழிலாளர் வருங்கால வைப்புநிதிச் சட்டம் நம் நாட்டில் 1952இல்தான் வந்தது என்பதை நினைத்தால் அச்செயலின் முன்னோக்கு விளங்கும். வாராதவரைத் தண்டிப்பதற்கு முன், வாராமைக்குக் காரணம் என்ன என்று கேட்டதே அவர் செய்த மாற்றம்.

2020 உணர்த்தியது

2020 மார்ச் 25 அன்று பொதுமுடக்கம் தொடங்கியபோது தாராவிப் பட்டறைகள் மூடப்பட்டன. தொழிலாளர் பலர், மே முதல் நாள் தொடங்கிய சிறப்பு ரயில்களிலும் கிடைத்த வண்டிகளிலும் ஊர் திரும்பினர். பட்டறைகள் மீண்டும் திறந்தபோது தையல் இயந்திரங்கள் இருந்தன. அவற்றை இயக்கும் கைகள் போதவில்லை. முடக்க நாள்களில் ஒருமுறையேனும் தொலைபேசியில் நலம் கேட்ட உரிமையாளரும், கேளாத உரிமையாளரும் ஒரே நாளில் அழைத்தால் தொழிலாளி யாரிடம் செல்வார்? விடை நாம் அறிந்ததே.

கண்ணோட்டம் என்பது தளர்வன்று

திருக்குறளில் ‘கண்ணோட்டம்’ 58ஆம் அதிகாரம். வள்ளுவர் அதனை அறத்துப்பாலில் வைக்காமல், ‘வெருவந்த செய்யாமை’யை அடுத்துப் பொருட்பாலில் வைத்தார். அதாவது, அது கொடையன்று; ஆளுமுறையின் ஓர் உறுப்பு. கடமை சிதையாத கண்ணோட்டத்தையே அவ்வதிகாரம் போற்றுகிறது. நாள்தோறும் தாமதமாக வருபவரை நிறுவனர் கண்டுகொள்ளாமல் விட்டால், நேரத்துக்கு வருபவரே முதலில் மனம் வெதும்புவார். ஆகவே காரணத்தைக் கேளுங்கள். இயன்ற உதவியைச் செய்யுங்கள். திருந்தக் காலவரையும் குறியுங்கள். விதி அனைவருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

செய்யத்தக்கவை நான்கு

ஒன்று: தீர்ப்புக்கு முன் கேள்வி. கனமழையில் தண்டவாளம் மூழ்கி மின்ரயில் நின்ற நாளில், நடந்தே வந்து சேர்ந்தவருக்கு அரைநாள் கூலியைப் பிடித்தால், மிஞ்சும் தொகை சிறிது. இழக்கும் நம்பிக்கை பெரிது.

இரண்டு: விடுமுறையில் ஒழுங்கு. பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா ஆகியவற்றுக்கு யார் எப்போது செல்வது என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே முறைவைத்து எழுதிவிடுங்கள். கெஞ்சிப் பெறும் விடுப்பு கசப்பையே வளர்க்கும்.

மூன்று: இடர்க்காலப் பாதுகாப்பு. பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ளோர் சேரலாம். விபத்தில் இறந்தால் 2 இலட்சம் ரூபாய் கிடைக்கும்; ஆண்டுக் கட்டணம் 20 ரூபாய். ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் 18 முதல் 50 வயது வரையுள்ளோர் சேரலாம். ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 இலட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு. இரண்டுக்கும் தேவை ஒரு சேமிப்புக் கணக்கு. தொழிலாளியை உடன் அழைத்து வந்து சேர்ப்பதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.

நான்கு: விலகும் நாளில் காரணம் கேட்பதைவிட, இருக்கும் நாளில் கேளுங்கள். “இங்கே உங்களுக்கு எது கடினமாயிருக்கிறது?” என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை தனித்துக் கேட்டு, சொன்னவற்றுள் ஒன்றையேனும் சரிசெய்யுங்கள்.

ஒரு பயிற்சி

இன்றிரவு கணக்கு முடித்தபின் ஒரு தாளை எடுத்து, உங்களிடம் பணிபுரிவோர் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொருவர் எதிரிலும் அவர் எங்கே வசிக்கிறார், வந்துசேர எவ்வளவு நேரம் ஆகிறது, யாரைக் காப்பாற்றுகிறார் என்று குறியுங்கள். வெற்றிடமாக நிற்கும் கட்டங்களே, நாளைக் காலை நீங்கள் தொடங்கவேண்டிய உரையாடல்கள்.